வெளியார் வராத வீடு

தங்கவயலில் வாழும் நமக்கு ஓர் உண்மை எவரும் சொல்லாமலே விளங்கும். ஓர் ஊரை ஊராக்குபவர் அதற்கு அடிக்கல் நாட்டியவர் மட்டுமல்லர். அதனை நாடி வந்தவர்களே அதனை ஊராக்குகின்றனர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையை ஏற்றபோது மண்ணுக்கு அடியிலே பொன் இருந்தது; அதனை வெளிக்கொணரப் போதிய கைகள் இல்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் வந்து சேர்ந்த பின்னரே உரிகமும் சாம்பியன் ரீஃபும் மாரிக்குப்பமும் பெயர் பெற்றன. அவர்கள் ஏன் வந்தனர்? உழைத்தால் கூலி உண்டு என்ற நம்பிக்கை ஒன்று. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை போடப்பட்ட பின் வந்து சேர எளிய வழி கிடைத்தது மற்றொன்று. அழைத்தவர் சொன்ன சொல் மூன்றாவது.

வெளியார் ஏன் வருகின்றனர், ஏன் வராமற் போகின்றனர் என்னும் இக்கேள்வி சுரங்கத்துக்கு மட்டும் உரியதன்று. இன்று நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடுகின்ற வீடியோ கேம் பெட்டிகளுக்கும் அதுவே உயிர்நிலை. அண்மையில் சாம்பியன் ரீஃபைச் சேர்ந்த அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டார்: “ஐயா, என் மகள் தினமும் ரயிலில் பெங்களூர் சென்று, வீடியோ கேம் எழுதக் கற்றாள். புதிதாக வரவிருக்கும் ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் விளையாட்டு எழுதும் சிறு நிறுவனம் ஒன்று அவளை அழைக்கிறது. மிக வலுவான இயந்திரம் என்கிறார்கள். ஆனால், வலுவிருந்தும் வெளியார் எழுத வராத காரணத்தால் மாண்டுபோன பெட்டிகள் பல என்றும் கேள்விப்படுகிறேன். அது ஏன்? நம்பிப் போகலாமா?”

ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அடங்கிய கேள்வி இது. ஆகையால் இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகின்றோம்.

பெட்டியும் ஆட்டமும்

கன்சோல் எனப்படும் இப்பெட்டி தனித்து நின்றால் வெறும் பெட்டியே. அதில் ஓடும் விளையாட்டுகளே அதற்கு உயிர். தொடக்கத்தில் பெட்டி செய்த நிறுவனமே விளையாட்டையும் செய்தது. 1977-இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பெட்டியின் கதை அவ்வாறுதான் தொடங்கிற்று. அந்நிறுவனத்தின் விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயர் உறைமேல் அச்சிடப்படவில்லை. விற்பனையிற் பங்கும் தரப்படவில்லை. மனம் நொந்த நால்வர் வெளியேறினர். 1979-இல் அவர்கள் பங்கேற்றுத் தொடங்கிய ஆக்டிவிஷன் என்பதே, பிறர் செய்த பெட்டிக்கு விளையாட்டு எழுதிய முதல் வெளி நிறுவனம். அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன்பின் கதவு திறந்தது.

திறந்த கதவு வழியே நல்லவரும் வந்தனர், அல்லாதவரும் வந்தனர். தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. 1983-இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. இரண்டாண்டுகள் கழித்து அங்கே நுழைந்த ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ, தன் அனுமதி பெறாத விளையாட்டு ஓடாதபடி பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளே வெளியிடலாம் என்றும் வரையறுத்தது. அன்று முதல் இத்தொழிலின் ஒழுங்கு இதுவாயிற்று: பெட்டியைக் குறைந்த லாபத்திலோ, சில வேளை நட்டத்திலோ விற்பது, வெளியார் எழுதும் ஒவ்வொரு விளையாட்டின் மீதும் ஒரு பங்கு பெறுவது. சுங்கச்சாவடி வைத்த சாலை போன்றது இது. வண்டிகள் வந்தால்தான் சாலை போட்டவனுக்கு வரும்படி.

எனவே வெளியார் வராத பெட்டி பிழைப்பது அரிது. அவர்கள் வருமுன் மூன்று கணக்குகள் போடுகின்றனர். சுரங்கப் பொறிஞர் ஒரு பாறையைப் பார்த்துப் போடும் கணக்கும் ஏறக்குறைய அதுவே: எவ்வளவு பொன் இருக்கிறது? எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? நிலத்துக்கு உடையவர் எத்தகையவர்?

முதற் கணக்கு: எத்தனை வீடுகள்?

விளையாட்டு எழுதுவோனுக்குப் பொன் என்பது பெட்டி வாங்கிய வீடுகளின் எண்ணிக்கை. 1993-இல் அமெரிக்காவில் 3டிஓ என்னும் பெட்டி வெளிவந்தது. வெளியாரை அது மிகுந்த அன்புடன் அழைத்தது; ஒரு வட்டுக்கு மூன்று டாலர் மட்டுமே பங்கு கேட்டது. ஆனால் பெட்டியின் விலையோ 699 டாலர்! வாங்குவோர் சிலரே. சுங்கம் குறைவாயினும் சாலையில் மக்கள் இல்லாவிட்டால் கடை விரித்து என்ன பயன்?

நம் நாட்டிலும் இதனைக் கண்டோம். 1995-இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவின் மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவில் விற்க முன்வந்தது. விலை 18,000 ரூபாய். அந்நாளில் ஒரு தொழிலாளிக் குடும்பம் அதனைக் கனவிலும் வாங்க இயலுமா? நம் பிள்ளைகள் அக்காலத்தில் விளையாடியவை, கடைத்தெருவிற் கிடைத்த மலிவான போலிப் பெட்டிகளும், ‘கேசட்’ என்று அவர்கள் அழைத்த நகல் விளையாட்டுகளுமே. அவற்றால் மகிழ்ச்சி கிடைத்தது வாஸ்தவமே. எழுதியவனுக்கு ஒரு காசும் சேரவில்லை. வீடுகள் பல இருந்தும் வரும்படி இல்லாத நிலம் அது. அங்கும் வெளியார் வாரார்.

இக்கணக்கில் ஒரு பொறி உண்டு. விளையாட்டு இல்லாத பெட்டியை மக்கள் வாங்குவதில்லை. மக்கள் வாங்காத பெட்டிக்கு வெளியார் எழுதுவதில்லை. நின்டெண்டோவின் வீ என்னும் பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் பின் 2012-இல் வந்த வீ யூ இந்தப் பொறியிற் சிக்கி, ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றது. அதில் நின்டெண்டோவின் சொந்த விளையாட்டுகள் நன்றாகவே இருந்தன. வெளியார் வரவுதான் அருகிற்று. பெயர் பெற்ற நிறுவனத்துக்கே இந்நிலை என்றால் புதியவர் கதி என்ன?

இரண்டாம் கணக்கு: ஏணி எத்தகையது?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. வெப்பத்தையும் பாறை வெடிப்பையும் பொருட்படுத்தாமல் அவ்வளவு ஆழம் இறங்கியது ஏன்? பொன் இருந்தது. பொன்னின் அளவு குறைந்து, எடுக்கும் செலவு அதன் விலையை விஞ்சியபோது, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழம் அன்றும் இன்றும் ஒன்றே, மாறியது கணக்கு.

பெட்டிகளிலும் இவ்வாறே. சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் 1994-இல் ஜப்பானில் வெளிவந்தது. அதனுள் ஒன்றுக்கு இரண்டாக மூளைச் சில்லுகள். இரண்டையும் ஒருங்கே வேலை வாங்குவது கைதேர்ந்தவர்க்கே இயலும். ஓர் ஏரில் பூட்டிய இரண்டு காளைகள் இரு திசையில் இழுத்தால் உழவன் என் செய்வான்? அதே ஆண்டு சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் எளிதாக இருந்தது. எழுதுவோர்க்கு வேண்டிய கருவிகளையும் நூற்றொகுதிகளையும் சோனி ஆயத்தமாக வைத்திருந்தது. வெளியார் அங்கே சென்றனர். சாட்டர்ன் ஒரு கோடியைத் தொடவில்லை. பிளேஸ்டேஷன் 10 கோடியைக் கடந்தது.

‘அப்படியாயின் கடினமான பெட்டி யாவும் தோற்குமோ?’ எனின், இல்லை. 2000-த்தில் வந்த பிளேஸ்டேஷன் 2-ம் எழுதுவோர்க்கு எளிதான இயந்திரமன்று. ஆயினும் 15 கோடிக்கு மேற்பட்ட வீடுகள் அதனை வாங்கின. பொன் அவ்வளவு இருந்தால் எவ்வளவு ஆழமும் இறங்கலாம்! அந்த வெற்றியின் மயக்கத்தில் 2006-இல் அடுத்த பெட்டியைச் சோனி மேலும் கடினமாக்கிற்று, விலையையும் உயர்த்திற்று. வெளியார் முணுமுணுத்தனர். பாடம் கற்ற சோனி, 2013-இல் நான்காவது பெட்டியைச் செய்யுமுன் வெளி நிறுவனங்களை நாடி, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டே செய்தது. சாதாரணக் கணினியைப் போன்றே அமைந்த அப்பெட்டியில் அவர்கள் தயக்கமின்றி எழுதினர்.

2001-இல் மைக்ரோசாஃப்ட் இத்தொழிலில் நுழைந்ததும் இவ்வழியேதான். விண்டோஸ் கணினிக்கு எழுதிப் பழகிய கைகளுக்கு எக்ஸ்பாக்ஸ் புதிய இடமாகவே தோன்றவில்லை. பிந்தி வந்தவர் ஏணியை நன்றாகச் சார்த்தினால் முந்தி வந்தவரோடு நிற்கலாம் என்பதற்கு அது சான்று.

மூன்றாம் கணக்கு: உடையவரின் சொல்

இதுவே எல்லாவற்றினும் நுட்பமானது. 1930-இல் தங்கவயல் தொழிலாளர், கம்பெனியார் பெருவிரல் ரேகை பதியச் சொன்னதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அது கூலியை மட்டும் பற்றிய சச்சரவன்று. எம்மைக் குற்றவாளிகளாக நடத்தாதீர் என்னும் மானப் பிரச்சினை. வெளியிலிருந்து வந்து உழைப்பவன் கூலியோடு மதிப்பையும் எதிர்பார்க்கின்றான்.

சேகா இங்கும் தவறியது. அமெரிக்காவில் 1995 செப்டம்பரில் சாட்டர்ன் வெளிவரும் என்று சொல்லியிருந்தது. வெளியார் அந்தத் தேதியை நம்பி வேலை செய்துகொண்டிருந்தனர். மே மாதத்திலேயே, ஒரு பொருட்காட்சி மேடையில், ‘இன்றே விற்பனை’ என்று அறிவித்துவிட்டது. பெரும்பாலோரின் விளையாட்டுகள் முடியவில்லை. சில கடைகளுக்கு மட்டுமே சரக்குச் சென்றது. விடுபட்ட கடைக்காரர் கோபங்கொண்டனர். 399 டாலர் விலையுள்ள அப்பெட்டிக்கு எதிராக, தன் பெட்டி 299 டாலர் என்று சோனி அதே பொருட்காட்சியில் அறிவித்தது! அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், பழைய பெட்டியின்மேல் பொருத்தும் 32எக்ஸ் என்னும் துணைக்கருவியைச் சேகா விற்றிருந்தது. அதற்கு எழுதியவர் உழைப்பும் வீணாயிற்று. அடிக்கடி நிலத்தை மாற்றும் உடையவரிடம் குத்தகை எடுக்க எவர் துணிவர்? 1998-இல் சேகா டிரீம்காஸ்ட் என்னும் நல்ல பெட்டியைக் கொணர்ந்தபோது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் போன்ற பெரிய நிறுவனம் அதற்கு எழுதவே இல்லை. 2001-இல் சேகா பெட்டித் தொழிலையே கைவிட்டது.

நிபந்தனைகளின் கடுமையும் வெளியாரை விரட்டும். 1996-இல் நின்டெண்டோ 64 வந்தபோது, மலிவான குறுந்தட்டை விட்டு விலைமிகுந்த கேட்ரிட்ஜையே அது பற்றி நின்றது. அதனைச் செய்து தருபவரும் நின்டெண்டோவே. பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்காமல் தேங்கினால் நட்டம் எழுதியவனுக்கு. அதில் கொள்ளும் இடமும் சிறிது. நின்டெண்டோவோடு நெடுநாள் உறவு பூண்டிருந்த ஸ்கொயர் நிறுவனம், தன் புகழ்பெற்ற ஃபைனல் ஃபேன்டஸி தொடரின் ஏழாம் பகுதியை 1997-இல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டு சென்றது. ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை வீடு மாறியது போன்ற நிகழ்ச்சி அது.

பெங்களூரில் நடந்தது

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என எண்ண வேண்டா. நம் பிள்ளைகள் நாள்தோறும் ரயிலேறிச் செல்லும் பெங்களூரிலேயே ஒன்று நிகழ்ந்தது. அது விளையாட்டுப் பெட்டியன்று. ஆயினும் நோய் அதுவே. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் சிலரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து, எழுத்தறியாத ஏழையும் பயன்படுத்தத்தக்க கையடக்கக் கணினி ஒன்றை உருவாக்கி 2001-இல் காட்டினர். அதுதான் சிம்ப்யூட்டர். இந்தியும் கன்னடமும் தமிழும் அதில் இயலும் என்றனர். அதன் அமைப்பை மறைத்து வைக்காமல் பிறரும் எடுத்தாளத் திறந்து வைத்தனர். உயர்ந்த நோக்கம், உலகமே பாராட்டிற்று.

2004-இல் அமிடா என்னும் பெயரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் துணையோடு அது விற்பனைக்கு வந்தது. விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கிற்று. ஓராண்டில் 50,000 விற்கும் என எதிர்பார்க்க, விற்றது 4,000 அளவே என்று அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. வீடுகள் இல்லை, ஆகவே அதற்கென நிரல் எழுத வெளியார் திரளவில்லை, நிரல்கள் இல்லை, ஆகவே வீடுகள் சேரவில்லை. இதற்கிடையே செல்பேசியின் விலை விழுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது, உள்ளே அடுப்பும் எரிய வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

பின்னர், குவால்காம் நிறுவனத்தின் ஆதரவோடு ஸீபோ என்னும் மலிவுப் பெட்டி 2009-இல் பிரேசிலில் தொடங்கப்பட்டது. இந்தியாவும் அதன் திட்டத்தில் இருந்தது. நாம் அதனை நம் கடைகளில் காணுமுன், 2011-இல் அதன் கதை முடிந்தது.

நமக்கு இதில் என்ன?

‘ஜப்பான்காரன் பெட்டி விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பெட்டி செய்பவர் கியோட்டோவிலும் டோக்கியோவிலும் ரெட்மண்டிலும் இருக்கின்றனர். அவர்கள் தம் கதைகளையே எழுதுவர், அது இயல்பு. நம் கதை அப்பெட்டிக்குள் நுழைய வேண்டுமானால், அது வெளியார் கை வழியாகவே நுழைய முடியும். வெளியாருக்குக் கதவடைத்த பெட்டி, நமக்கும் கதவடைத்த பெட்டியே.

சான்றுகளைப் பாருங்கள். 2009-இல் ஐதராபாத்தைச் சேர்ந்த அரோனா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்கு ‘ஹனுமான்’ விளையாட்டை எழுதிற்று. முழுவதும் இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட முதற் பிளேஸ்டேஷன் விளையாட்டு என அது கொண்டாடப்பட்டது. அடுத்த பெட்டி வந்து மூன்றாண்டு ஆகியும் பழைய பெட்டிக்கு ஏன் எழுதினர்? நம் நாட்டு வீடுகளில் இருந்தது அதுவே. 2020-இல் புனே நகரத்துச் சிறு குழுவொன்று ‘ராஜி’ என்னும் விளையாட்டை முதலில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டியில் வெளியிட்டது. வீ யூ பெட்டியில் வெளியாரை இழந்த அதே நின்டெண்டோ, 2017-இல் வந்த ஸ்விட்சில் சிறு குழுக்களுக்கும் இடங்கொடுத்து, அவர்கள் பழகிய பொதுக் கருவிகளையும் ஏற்றுக்கொண்டதன் பலன் அது.

2023-இல் வந்தது ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோ நகரத்து விசை என்னும் சிறு நிறுவனம் ஆக்கியது. 1980-களில் கனடா சென்று குடியேறிய ஒரு தமிழ்த் தாயும், தமிழ் மறந்துவரும் அவள் மகனும், அவள் சமைக்கும் இட்லியும்தான் கதை. புலம்பெயர்ந்த நம்மனைவர் வீட்டிலும் நடக்கும் கதையன்றோ! அது நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூவர் பெட்டிகளிலும் கணினியிலும் ஒரே நாளில் வெளிவந்தது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு அளித்தது. எந்தப் பெட்டி முதலாளி தாமாக முன்வந்து அம்மாவின் இட்லியை எழுதியிருப்பார்?

அன்பருக்கு விடை

இனி, சாம்பியன் ரீஃப் அன்பருக்கு. தங்கள் மகளை அச்சுறுத்தித் தடுக்க வேண்டா; கேள்வி கேட்கக் கற்பியுங்கள். அப்பெட்டி எத்தனை வீடுகளில் இருக்கிறது? அதற்கு எழுதும் கருவிகள் பொதுவானவையா, அப்பெட்டிக்கு மட்டும் உரியவையா? பெட்டி உடையவர் முன்பு தம்மை நம்பி வந்தவர்களை எவ்வாறு நடத்தினார்? அழைக்கும் நிறுவனத்திடம், அப்பெட்டி தோற்றால் ஓராண்டு தாங்கத்தக்க வேறு வேலை உண்டா? இந்நான்கிற்கும் நேரிய விடை கிடைத்தால் போகலாம். இரண்டுக்கேனும் விடை மழுப்பலாக இருந்தால், இயந்திரத்தின் வலுவைப் பற்றிய புகழுரைகளுக்கு மயங்க வேண்டா. வலு என்பது வெளியார் போடும் கணக்கில் கடைசியில் வருவது.

மற்றொன்றும் சொல்லுவோம். 2001-இல் சுரங்கம் மூடியபோது, மண்ணுக்கடியில் மட்டுமே பயன்படும் வேலையை அறிந்தவர் பெரிதும் தவித்தனர். கடைசல் பொறியும் மின்கம்பியும் அறிந்த கைகளுக்கு வேறிடத்தில் வாசல் திறக்க வழியிருந்தது. கைத்திறன் ஒரே முதலாளியின் வேலிக்குள் அடைபடலாகாது என்பது நாம் விலை கொடுத்துக் கற்ற பாடம். யூனிட்டி, அன்ரியல் போன்ற பொதுக் கருவிகளில் பழகிய கைக்கு ஒரு பெட்டி மாண்டாலும் மற்றொரு பெட்டி உண்டு. பெட்டிகள் வரும், போகும். கணக்கறிவும், வரைதிறனும், கதை சொல்லும் ஆற்றலும் அவற்றோடு போவதில்லை.

நம் இளைஞருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கூண்டில் இறங்கிய பாட்டனார், லைன் வீட்டில் விளக்கேற்றிக் காத்திருந்த பாட்டியார், சயனைடு மேட்டில் விளையாடிய பிள்ளைகள், விடியுமுன் ரயிலுக்கு ஓடும் இன்றைய தலைமுறை என்று எத்தனை கதைகள் இம்மண்ணில் கிடக்கின்றன! இவற்றை எழுத வெளியே இருந்து எவரும் வரமாட்டார். இவ்வூருக்கு வெளியாராக வந்து ஊரை ஆக்கியவர் நம் முன்னோர். இன்று உலகின் பெட்டிகளுக்கு வெளியாராகச் சென்று தங்கவயலை அங்கே குடியேற்றும் பணி நம் பிள்ளைகளுடையது. நல்ல வாசலாகப் பார்த்து நுழையட்டும்.